நெட் போனால் ப்ராம்ப்டும் உறைய வேண்டுமா?

விபிஎன் ஓடுகிறதா, எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது ஷெல் ப்ராம்ப்டிலேயே, அதாவது டெர்மினலில் கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியிலேயே, தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பாஷ் ஷெல்லில் ப்ராம்ப்டின் வடிவத்தை வைத்திருக்கும் பிஎஸ்1 மாறியை மாற்றுவதெல்லாம் சட்டென்று முடிந்தது. அப்புறம்தான் தலைவலி.

பரவலாகப் புழங்கும் ஒரு ரெடிமேட் துணுக்கு, கர்ல் (இணையக் கோரிக்கை அனுப்பும் கருவி) மூலம் வெளியே ஒரு தளத்தைக் கேட்டு பப்ளிக் ஐபியைக் காட்டுகிறது. நெட் இருக்கும்வரை லேசான தாமதம், பொறுத்துக்கொள்ளலாம். நெட் தடுமாறினாலோ, ஒவ்வொரு என்டருக்கும் ப்ராம்ப்ட் வராமல் அப்படியே நிற்கிறது. எந்த நேரத்துக்காக இதை வைத்தோமோ அந்த நேரத்தில் கையை விரிக்கிறது! போதாக்குறைக்கு, என்டர் தட்டும்போதெல்லாம் வெளியே ஒரு கோரிக்கை போகும் என்று அதில் ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

தயவுசெய்து அதை விட்டுவிட்டு லினக்ஸில் ‘ஐபி ரூட் கெட் 1.1.1.1’ (ip route get 1.1.1.1) கட்டளையைப் போடுங்கள். இது பாக்கெட் எதையும் அனுப்பாது. கர்னலின் ரூட்டிங் அட்டவணையை மட்டும் கேட்டு, எந்த இன்டர்ஃபேஸ், எந்த சோர்ஸ் முகவரி என்று உடனே சொல்லும். எல்லா டிராஃபிக்கும் விபிஎன் வழியே போனால், டன்0 (tun0) போன்ற விபிஎன் இன்டர்ஃபேஸின் பெயர் அதிலேயே தெரியும். பிழைச் செய்தியை டெவ் நல்லுக்கு (/dev/null, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் இடம்) தள்ளி, விடை காலியாக வந்தால் சிவப்பில் ‘இணைப்பு இல்லை’ என்று காட்ட வைத்தேன்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. கலர் கோடுகளை \[ \] நடுவே வைக்காவிட்டால் நீளமான கட்டளை அதே வரியின் மேலேயே ஏறும். இது பலருக்கும் தெரியும். ஆனால் பிஎஸ்1-க்குள் கூப்பிடும் ஃபங்ஷன் அந்தக் குறிகளை அச்சிட்டால் அவை திரையில் அப்படியே வந்து விழும். பாஷ் அவற்றை முதலில் கவனித்துவிட்டு, அதன் பிறகுதான் ஃபங்ஷனை ஓட்டுகிறது. ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கும் முன்னால் பாஷ் ஓட்டும் ப்ராம்ப்ட்_கமாண்டில் ஒரு ஃபங்ஷன் வைத்து, பிஎஸ்1-ஐ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியதும் எல்லாம் சரியானது. அதன் முதல் வரியிலேயே $? மதிப்பைச் சேமித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முந்தைய கட்டளை தோற்றதா என்று தெரியாது.

சர்வர் முகவரிக்கு, எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) தானாக அமைக்கும் எஸ்எஸ்எச்_கனெக்‌ஷன் மாறி போதும். அதில் இருக்கும் 4 மதிப்புகளில் மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. டிமக்ஸ் (ஒரு டெர்மினலைப் பேன்கள் எனும் கட்டங்களாகப் பிரித்து, இணைப்பு போனாலும் ஓடவிடும் கருவி) பயன்படுத்துவோர் கவனிக்க: வேறு இடத்திலிருந்து மீண்டும் அட்டாச் செய்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் பேன்களில் பழைய மதிப்பே இருக்கும். அங்கே புது பேன் திறந்துகொள்வதே நல்லது.