ஆங்கிலேயக் கவிஞர்களின் இந்தியா: எம்.ஏ. தேர்வுக்கு நான் படித்த விதம்

'காலனிய காலக் கவிதையில் இந்தியா' என்ற கேள்விக்கு இன்டர்னலில் ஐந்து பக்கம் எழுதினேன். பாதி மார்க் கூட வரவில்லை. விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தால், ஐந்து பக்கமும் காலனியம் பற்றிய கோட்பாட்டாளர் எட்வர்ட் சயீத். கவிதையிலிருந்து ஒரு வரி இல்லை!

அப்புறம் கோட்பாட்டை மூடி வைத்துவிட்டு மூன்று கவிஞர்களின் கவிதைகளை எடுத்துக்கொண்டேன். கவிஞர் எந்த ஊரில், எந்த வருஷம் எழுதினார், கண்ணில் பட்டது என்ன, அதைப் பார்த்ததும் மனசு எங்கே ஓடியது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

ஜான் லேடன் 1803இல் மருத்துவராகச் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். மலபாரில் சிறக்கல்லில் இருந்தபோது எழுதிய கவிதையில் ஒரு தங்கக் காசை முன்னால் வைத்துக்கொண்டு, 'உன்னைத் தேடி வந்துதானே எல்லாம் போச்சு' என்கிற மாதிரி அதைத் திட்டுகிறார். வெளியே நரி ஊளையிடுகிறது, நினைப்பிலோ சொந்த ஊர் டெவியட் ஆறு. ஊர் திரும்பாமலே 1811இல் ஜாவாவில் இறந்தார்.

நான் சறுக்கியது பிஷப் ஹீபரிடம். இலங்கையின் மணக்கும் காற்றைப் புகழ்ந்துவிட்டு, மனிதன் மட்டும் இழிந்தவன் என்று பாடியவர். அங்கே போய்ப் பார்த்து எழுதினார் என்று எழுதிவிட்டேன். பாட்டு 1819இல், வேல்ஸில் எழுதியது. கல்கத்தாவுக்கு அவர் வந்ததே 1823இல். வந்த பிறகு வங்காளத்தில் மாலை நடை போன கவிதையில் தொனியே வேறு. இவ்வளவு செழித்த நிழலை இங்கிலாந்துத் தேவதைகள் மிதித்ததில்லை என்று வியக்கிறார். அடுத்த மூச்சிலேயே இங்கிலாந்துக் காட்டின் நினைப்பு வந்துவிடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு பக்கம் எழுதலாம். (அவர் 1826இல் இறந்தது நம் திருச்சியில். கல்லறையும் அங்கேதான்.)

கிப்ளிங்கின் 'இந்தியாவில் கிறிஸ்துமஸ்' கவிதையில் டாமரிஸ்க் என்று வரும். அவசரத்தில் டாமரிண்ட் என்று படித்துப் புளியமரம் என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு மரம். விடியலில் மாவரைக்கும் பெண்கள், ஆற்றை நோக்கிப் பறக்கும் கிளிகள் எல்லாம் அழகாகத்தான் வருகிறார்கள். ஆனால் இந்தியாவை அவர் கூப்பிடுவது மாற்றாந்தாய் என்று. இத்தனைக்கும் 1865இல் பம்பாயில் பிறந்தவர்!

செமஸ்டரில் அதே கேள்வி வந்தது. மூன்று பக்கம்தான் எழுதினேன். சயீத்துக்குக் கடைசிப் பத்தியில் நான்கு வரி கொடுத்தேன்.