மயக்கவியல் மருத்துவர் இல்லாத இரவு

பாம்பன் கரையில் கடற்பாசி எடுக்கும் என் பெரியம்மா, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, அடிவயிற்று வலியைச் சூட்டு வலி என்றே நம்பி இரண்டு நாள்கள் சுக்குக் கஷாயத்தோடு கடலில் இறங்கினார். மூன்றாம் நாள் இரவு காய்ச்சலில் நடுங்கியவரை நாங்கள் கொண்டுசென்ற மருத்துவமனையில் அறுவை அரங்கம் இருந்தது, அறுவை மருத்துவரும் இருந்தார். அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் மயக்கவியல் மருத்துவர் மட்டும் இல்லை. மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். வண்டி குலுங்கும்போதெல்லாம் முழங்காலை வயிற்றோடு மடக்கி, என் மணிக்கட்டை அவர் இறுக்கிப் பிடித்தார். போய்ச் சேர்ந்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் இரண்டு மணி நேரத்தில் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த உலக அறுவை சிகிச்சை ஆணையம் வலியுறுத்தியது. ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரும் ஆறுதல். ஆனால் நடுக்கடலில் வலி கண்டவருக்குக் கரை சேரவே பல மணி நேரம் ஆகிறது; அதற்குப் பிறகுதான் சாலைப் பயணமே தொடங்குகிறது. கட்டடத்தைவிட, இரவுப் பணிக்குச் சுழற்சி முறையில் ஒரு மயக்கவியல் மருத்துவரும், மின்சாரம் போனாலும் குளிர் குறையாத இரத்தச் சேமிப்புப் பெட்டியும், கருவிகளைக் கிருமி நீக்கத் தெரிந்த செவிலியரும் பாம்பன் தீவுக்கு அருகிலேயே இருப்பதுதான் முதல் தேவை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.