வலப்பக்க வின்ச் உட்கார்ந்துவிட்டது, இடப்பக்கம் இன்னும் பட்டறையில்

என் பாய்மரப் படகின் பெரிய முன்பாயான ஜெனோவாவை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு, அதைச் சுற்றி இழுக்கும் கைச்சுழல் உருளையான வின்ச்சின் டிரம்மில் இப்போது ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்றாக ஏறிச் சிக்குவதில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் கடல்காற்று நன்றாக எழுந்த பிறகு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைத் தாண்டி வெளியே போனேன். வேண்டுமென்றே மறுபடி மறுபடி பாயைப் பக்கம் மாற்றிப் பார்த்தேன். புது வின்ச் இருக்கும் வலப்பக்கத்தில் ஒருமுறைகூடச் சுற்று ஏறவில்லை. இடப்பக்கத்தில் இன்னும் பழையதுதான். அது வழக்கம்போல நடுவழியில் கயிற்றைக் கவ்விக்கொண்டு மானத்தை வாங்கியது.

பழையவை இரண்டும் எண் 8. கியர் கிடையாது, கயிற்றின் வாலைப் பிடித்துக்கொள்ளும் தாடையும் கிடையாது. வின்ச்சின் எண் அதன் பலப்பெருக்கத்தைத்தான் சொல்கிறது. 10 அங்குல ஹேண்டில் 254 மி.மீ., டிரம்மின் ஆரம் 32 மி.மீ. சொச்சம், வகுத்தால் எட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். கியர் இருந்தால் அதன் விகிதமும் சேர்ந்து பெருகும். ஷீட்டின் இழுவிசைக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: சதுர மீட்டரில் பாயின் பரப்பை, நாட் அளவில் காற்று வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மீண்டும் 0.021-ஆல் பெருக்கினால் கிலோவில் விடை கிடைக்கும். என்னுடையது 24 அடிப் படகு, 16 சதுர மீட்டர் ஜெனோவா. 15 நாட் காற்றில் சுமார் 76 கிலோ. 20 நாட் காற்றில் 134. எண் 8-இல் இதற்குக் கைக்கு 17 கிலோ வருகிறது, உராய்வில் தின்பது தனி. ஒரு கையில் சுக்கானையும் மறு கையில் கயிற்றின் வாலையும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கையால் அந்த 17 கிலோவைச் சுற்ற வேண்டும்!

அதனால் இரண்டு வேகமுள்ள, கயிற்றின் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும் செல்ஃப்-டெய்லிங் வகை எண் 16 என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் சுற்றினால் தொய்வு வேகமாக ஏறும், திருப்பிச் சுற்றினால் மெதுவாக, ஆனால் பலத்தோடு இழுக்கும். “எடுப்பதுதான் எடுக்கிறாய், எண் 30-ஆக எடு” என்று அறிவுரை சொன்னவர்கள் உண்டு. சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளமான காக்பிட்டின் விளிம்பில் அதன் அடித்தட்டு உட்கார இடமே இல்லை. இடம் இருந்தாலும் வேண்டாம் என்பேன். கயிறு எங்காவது மாட்டியிருப்பது கைக்குத் தெரியாத அளவுக்குப் பலம் வந்தால், அடுத்து பிய்வது பாயின் மூலையோ தளத்தில் இருக்கும் கப்பியோதான்.

லூமார், ஹார்கன், ஆண்டர்சன் என மூன்று நிறுவனங்களின் வின்ச்சுகளையும் பார்த்தேன். நம் ஊர் உப்புக்கு ஆண்டர்சனின் துருப்பிடிக்காத எஃகு டிரம்மின் மேல்தான் மனம் போனது. ஆனால் வரியும் கூரியர் செலவும் சேர்ந்த தொகையைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். கொச்சியில் ஒருவர் தன் படகின் சாமான்களைத் தனித்தனியாக விற்றபோது எண் 16 லூமார் ஒரு ஜோடி கிடைத்தது. காசிமேட்டில் எந்த விசைப்படகைப் பார்த்தாலும் வின்ச் இருக்கும், எனக்கு உதவும் ஓர் ஆணிகூட அதில் இருக்காது.

வந்த ஜோடியின் உள்ளே கிரீஸ் தார் போல இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினால் போய்விடும். டிரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ராட்செட் நாக்குகளுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கிரீஸ் போட்டால் நாக்கு ஒட்டிக்கொண்டு விரியாமல் போகும், சுமையோடு ஹேண்டில் பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். படகிலேயே பிரிப்பவர்கள் அட்டைப்பெட்டியின் அடியில் டிரம் அளவுக்குத் துளை வெட்டி, அதை வின்ச்சைச் சுற்றி மாட்டிக்கொள்ளுங்கள். அந்த நாக்குகளின் ஸ்பிரிங்குகளுக்குக் கடலில் குதிப்பதென்றால் அவ்வளவு ஆசை.

இனி என் பிராணனை எடுத்த விஷயத்துக்கு வருகிறேன்: அடித்தட்டின் சாய்வு.

கயிறு டிரம்முக்குச் சற்றுக் கீழேயிருந்து, மேல்நோக்கி ஏறி வர வேண்டும். 3 முதல் 8 பாகை வரை ஏற்றம் இருந்தால் சரி. மட்டமாகவோ மேலிருந்து இறங்கியோ வந்தால் புதிதாக வரும் சுற்று ஏற்கெனவே இருக்கும் சுற்றின் மேல் ஏறிவிடும், சுமை விழுந்ததும் இறுகிவிடும். என் படகின் காக்பிட் விளிம்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது. அதன் மேல் வின்ச்சை நேராக முடுக்கினால் டிரம்மும் கூடவே வெளியே சாயும், பின்புறக் கப்பியிலிருந்து வரும் கயிறு மட்டத்துக்கு மேலே போய்விடும். பழைய வின்ச்சின் வியாதி அதுதான். எண் 8-க்குப் பதில் எண் 80 வைத்தாலும் அது போகாது. ஆக, அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு கட்டை வேண்டும். அதிலும் வில்லங்கம்: சாய்வு ஒரு திசையில் மட்டும் இருந்தால் போதாது. உட்பக்கமும் கொஞ்சம், கப்பி இருக்கும் பின்பக்கத்திலிருந்து விலகி முன்பக்கமும் கொஞ்சம்.

தாளில் கணக்குப் போட்டால் தலைதான் சுற்றும். கதவுக்கு முட்டுக் கொடுக்கும் மர ஆப்புகளைச் சீவி மெல்லியதாக்கி, அடித்தட்டின் கீழே இரண்டு பக்கம் செருகி, வின்ச்சைக் கிளாம்ப் போட்டுப் பிடித்தேன். ஷீட்டைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து மூன்று சுற்றுப் போட்டு, மறுமுனையில் ஆள் வைத்து இழுக்கச் சொல்லி, கண்ணை டிரம்மின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சரியான சாய்வு வந்ததும், அடிச்சுற்று டிரம்மின் அகன்ற பாதத்தில் வழுக்கி மற்ற சுற்றுகளைத் தானாகவே மேலே தள்ளியது. ஆப்பை அரை மில்லிமீட்டர் உருவினால் தள்ளுவது தயங்குகிறது. அந்த நிலையில் நான்கு முனைகளிலும் இடைவெளியை வெர்னியரால் அளந்து குறித்தேன். தடித்த இடம் 19 மி.மீ., மெலிந்த இடம் 8 மி.மீ., 110 மி.மீ. அகலத்துக்கு அது சுமார் 6 பாகை.

கட்டைக்குத் தேக்கு வேண்டாம் என்பது என் கட்சி. வெயிலில் வெடிக்கும், போல்ட்டின் இறுக்கமும் நாளடைவில் தளரும். நைலான் தண்ணீர் குடித்து உப்பும். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. பிராட்வே பக்கம் பிளாஸ்டிக் உருளை விற்கும் கடையில் துண்டு முனையாக மலிவாகக் கிடைத்தது. அதை ராயபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கிணற்று ராட்டினத்துக்கு யாராவது கோணலாகக் கட்டை வைப்பார்களா தம்பி?” என்றார். படகைப் பற்றி விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் வேலை சுத்தம். நான்கு தாடை சக்கில் ஒரு பக்கம் தகடு வைத்து உயர்த்திப் பிடித்து, முகத்தை மெல்ல மெல்லச் சீவினார். டெல்ரின் தேங்காய்த் துருவலாகக் கொட்டவில்லை, அறுபடாத வெள்ளை ரிப்பனாகச் சுருண்டு சுருண்டு அவர் காலடியில் குவிந்தது. ஒவ்வொரு சீவலுக்கும் இயந்திரத்தை நிறுத்தி வெர்னியர் வைத்தார். இடப்பக்கத்துக்கானது முதல் கட்டையின் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க சோப்புக்கட்டியில் மாதிரி செதுக்க வேண்டியதாயிற்று. அந்த இடப்பக்க டெல்ரின் கட்டை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கேட்டால் “நாளை” என்கிறார்.

காக்பிட் விளிம்பின் உள்ளே இருப்பது பால்சா என்ற மிக இலேசான மரம். பெரிதாகத் துளைபோட்டு, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி உள்ளிருக்கும் பால்சாவைச் சுரண்டிவிட்டு, கெட்டியாக்கிய எப்பாக்சிப் பிசினால் அடைத்து, அது இறுகிய பின் போல்ட் அளவுக்கு மறுபடி துளைப்பதுதான் முறை. இல்லாவிட்டால் போல்ட் வழியே தண்ணீர் இறங்கி மரம் கூழாகிவிடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எப்பாக்சி கையில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எனவே நம் ஊரில் இந்த வேலைக்கு விடிகாலைதான். கிண்ணத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டேன். ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் படியும். அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் பிடிக்காது.

போல்ட்டுக்கு லிங்கிச் செட்டித் தெரு. 316 தர எஃகு என்று கேட்டால், காந்தத்தை வைத்து “ஒட்டவில்லை பாருங்கள் சார்” என்று காட்டிவிடுகிறார்கள். 304-உம்தான் ஒட்டாது! 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, அதை நிறத்தில் காட்டிக்கொடுக்கும் சொட்டுத் திரவம் ஒன்று விற்கிறது. சிறு பேட்டரியோடு கடைக்கே எடுத்துப்போய் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு சொட்டு வைத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் உள்ளேயிருந்து வேறொரு டப்பாவை எடுத்துவந்தார்.

ஹேண்டில் விஷயம் இன்னும் முடியவில்லை. 10 அங்குலம் முழுச் சுற்றில் படகின் ஓரத் தடுப்புக் கம்பியைத் தாங்கும் லைஃப்லைன் தூணை உரசுகிறது, விரல் முட்டி தோலுரிகிறது. 8 அங்குலம் போட்டால் இடிக்காது, ஆனால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், எண் 16 ஏறக்குறைய எண் 13 ஆகிவிடும். தூணை நகர்த்தலாமா என்றுகூட யோசனை ஓடுகிறது. பழைய எண் 8 இரண்டையும் விற்கப்போவதில்லை. ஒன்றைக் கேபின் கூரைக்கு ஏற்றி, பாய்மரத்தடியில் இருக்கும், பாயை ஏற்றும் கயிறுகளான ஹாலியார்டுகளைக் காக்பிட் வரை கொண்டுவரும் திட்டம் இருக்கிறது. அதற்குக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் மூன்று கிளட்ச்சும் ஒரு திருப்புக் கப்பியும் வேண்டும், வாடைக்காற்று தொடங்குவதற்குள் செய்தாக வேண்டும். இடப்பக்கமே முடியவில்லை, அதற்குள் கூரையா என்று வீட்டில் கேட்கிறார்கள். யாரிடமாவது பயன்படாத 8 அங்குலப் பூட்டு ஹேண்டில் இருந்தால் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் மாட்டிப் பார்க்க வேண்டும்.