"இங்கன்னா எங்க சார்?"

வழக்கம்போல் புரொஜெக்டரைக் காட்டி, "இந்த வரி இங்க வரணும், அது கொஞ்சம் உள்ள தள்ளி இங்க" என்று பைத்தான் நிரல்மொழி நடத்திக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சிலிருந்து, "இங்கன்னா எங்க சார்?" என்று கேள்வி. கேட்டது பார்வையில்லாத மாணவி. பதினொரு வருட சர்வீஸில் எனக்குப் பதில் வராமல் போன நாள் அது.

அவளுடைய லேப்டாப்பில் என்விடிஏ ஏற்கெனவே இருந்தது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கியது. அதுவே பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் அடி என் நோட்ஸில் விழுந்தது. எல்லாமே பாமினி எழுத்துருவில் அடித்தவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, தமிழ் வெறும் தோற்றம். என் கண்ணுக்கு 'அம்மா'. எழுத்தெழுத்தாக நகர்த்தினால் அவள் காதுக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்'. யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்தவே மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஐடில், பைத்தானோடு வரும் நிரல் எழுதும் மென்பொருள். அதைத் திறந்தால் என்விடிஏவிடம் பேச்சு மூச்சே இல்லை. சரி, நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு மாறினோம்.

மிச்சம் இருந்தது அந்த 'இங்க'. பைத்தானில் வரியை எவ்வளவு உள்ளே தள்ளுகிறோம் என்பதில்தான் அர்த்தமே இருக்கிறது. என்விடிஏ கீயோடு (வழக்கமாக இன்சர்ட்) கன்ட்ரோல், டி (D) அழுத்தி வரும் அமைப்புகளில் இதற்கு ஒரு வசதி உண்டு: வரி உள்ளே போகப் போக 'பீப்' ஒலியின் சுருதி ஏறும். வேண்டுமானால் 'நாலு ஸ்பேஸ்', 'ஒரு டேப்' என்று வாயாலும் சொல்லும். அவள் இரண்டையும் வைத்துக்கொண்டாள். திரும்பத் திரும்ப ஓடும் ஒரு ஃபார் லூப்புக்குள் இன்னொன்று, அதற்குள் நிபந்தனை பார்க்கும் ஒரு இஃப். மூன்று படி ஏறி, சட்டென்று இறங்கியது. "லூப் முடிஞ்சுது சார்" என்றாள், நான் சொல்வதற்கு முன்பே.

ஒரு நாள் பக்கத்து பையனின் நிரல் ஓடவே இல்லை. எல்லா வரியும் நேராகத்தான் தெரிந்தது, எனக்கும். பென் டிரைவில் வாங்கிக் கேட்டுவிட்டு, "ஏழாவது வரியில மட்டும் டேப் இருக்கு, மத்ததெல்லாம் ஸ்பேஸ்" என்றாள்.

நிரலின் போக்கைப் பெட்டியும் அம்புமாக வரையும் ஃப்ளோசார்ட்தான் இன்னும் இழுக்கிறது. அட்டையில் சணல் ஒட்டிக் கொடுத்தேன். பெட்டிகள் புரிந்தன, அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று விரலுக்குத் தெரியவில்லையாம். மறுநாள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு வந்தாள். "முனையில இதை ஒட்டுங்க சார்."