ஒரு சென்டிமீட்டர் அகலம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். 9/40, 10/40 என்று ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். தங்கையை வால்பாறையில் கட்டிக்கொடுத்திருப்பதால் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். போன ஜூலை மாதம், விடாத சாரலில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினேன். காரின் மூக்கு திரும்பவில்லை. ஓர் ஆள் நீளத்துக்கு நேராகவே வழுக்கிப் போய், அதன் பிறகுதான் முன் டயர்கள் சாலையைப் பிடித்தன. வேகம் முப்பதுகூட இருக்காது. எதிரே பஸ் ஏதும் வரவில்லை. பின் இருக்கையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக வெர்னியர் அளவுகோலை எடுத்து, அதன் ஆழக்கோலை டயரின் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தேன். கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எதையும் அளந்து பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும். முன் டயர்களில் 2.1 மில்லிமீட்டர், பின் டயர்களில் 3.4. புது டயரில் ஏறக்குறைய 8 இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்காக ஓடும் சிறு மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேல்பரப்பு ரப்பர், தேய்ந்து அதைத் தொட்டுவிட்டால் டயரைக் கழற்றியே ஆக வேண்டும். என் டயர்கள் அந்த வரம்பைத் தொடவில்லை. ஆனால் மழைத் தண்ணீரை வாரி வெளியே தள்ள இரண்டு மில்லிமீட்டர் பள்ளம் போதாது என்பதை மலைச் சாலையிலேயே பார்த்துவிட்டேன்.

டயர் மாற்ற வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எந்த அளவு என்று முடிவு செய்யத்தான் மூன்று வாரம் பிடித்தது.

என்னுடையது 2014-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 பிஎஸ் குதிரைத்திறன். அதைவிட முக்கியமானது நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே கிடைத்துவிடும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அத்தனையும் முன் சக்கரங்கள் வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும். இழுப்பதும் அவைதான், திருப்புவதும் அவைதான், பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் அவைதான். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவு. கம்பெனி கொடுத்த அளவு 185/60 ஆர்15. ஈரச் சாலையில் சிக்னல் பச்சையாகும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திவிட்டால், டயர் சுற்றிப் பிறகு பிடிக்கும். இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான சங்கதி.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் அறுபது சதவீதம். அதாவது 111 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச்சுவர் உண்டு என்பதால் 381 உடன் 222 சேர்த்தால் மொத்த விட்டம் 603. புது அளவு எதுவானாலும் இந்த 603-ஐ விட்டு மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது டயர் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. விலகினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் விகிதம் மாறியது போலாகும், டயர் எங்காவது உரசும்.

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 195/55 ஆர்15 என்றால் 595.5. விட்டம் சிறுத்து, கார் தாழ்ந்துபோகிறது. நம் வேகத்தடைகளை நினைத்தவுடனே அதை அடித்துவிட்டேன். 205/55 ஆர்15 என்றால் 606.5. கணக்குக்கு அழகாகப் பொருந்துகிறது, ஆனால் விசாரித்த கடைகள் எதிலும் சரக்கு இல்லை. கிடைக்காத அளவைப் போட்டுக்கொண்டு நடுவழியில் ஒரு டயர் கிழிந்தால் என்ன செய்வது? 16 அங்குல ரிம்முக்குப் போனால் 205/50 போடலாம், 611 வரும். 195/55 போட்டால் 621, வரம்பின் விளிம்பு. 17 அங்குலத்தில் 205/45 என்றால் 616. கடைசியாக, இருக்கும் ரிம்மிலேயே 195/60 ஆர்15. இதன் விட்டம் 615, பழையதைவிட இரண்டு சதவீதம் கூடுதல்.

17 அங்குலம் பார்வைக்கு எடுப்பாகத்தான் இருக்கும், அதை மறுக்க மாட்டேன். மச்சான் தன் போலோவில் 205/45 ஆர்17 போட்டிருக்கிறார். வாசலில் நின்றால் கண் அங்கேதான் போகும். ஆனால் அந்த டயரின் பக்கச்சுவர் வெறும் 92 மில்லிமீட்டர். என் பழைய டயரில் 111, 195/60-இல் 117. சாலைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரப்பரும் காற்றும் இவ்வளவுதான். பாலக்காடு சாலையில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல், மச்சான் எண்பதில் போய் இறக்கிவிட்டார். ரிம்மின் உள்விளிம்பு நசுங்கி, பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் கிளம்பியிருந்தது. உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்தால்தான் அப்படி வீங்கும். அதற்கு மேல் அந்த டயரை நம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. பள்ளத்தில் இறங்காத கார் நம் ஊரில் எது?

மச்சானின் ரிம்மில் நான் கண்ட இன்னொரு சிக்கலையும் எழுதிவிடுகிறேன், ரிம் மாற்ற நினைப்பவர்களுக்கு உதவும். தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்கும். மூன்று முறை பேலன்சிங் பார்த்தும் தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி நடுத்துளையை அளந்தேன்: 73.1 மில்லிமீட்டர். போலோவின் ஹப், அதாவது சக்கரம் உட்காரும் நடுக்குமிழ், 57.1. விட்டத்தில் 16 மில்லிமீட்டர் வெற்றிடம். சக்கரம் ஹப்பின் மேல் உட்காராமல், ஐந்து போல்ட்டுகளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அலுமினியத்தில் ஒரு வளையம் கடைந்து, 57.1க்கு உள்துளை பிடித்து நான்கு சக்கரங்களிலும் பொருத்தினேன். நடுக்கம் அன்றோடு நின்றது. போல்ட்டின் தலையையும் பார்க்க வேண்டும். இந்தக் காரின் சொந்த ரிம்முக்கு உருண்டையான அடிப்பாகம் உள்ள போல்ட். வெளியில் வாங்கும் ரிம்கள் பலவற்றுக்குக் கூம்பு வடிவம் தேவை. மாற்றிப் போட்டால் இறுகியது போலவே இருக்கும், ஆனால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

டயர் கடை அண்ணனிடம் என் கணக்குத் தாளை நீட்டினேன். முப்பது வருடமாக இதே வேலையில் இருப்பவர். தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமுங்க. முதலில் ரிம் அகலம் எவ்வளவுங்க?" என்று கேட்டார். ஆறு ஜே, அதாவது ஆறு அங்குலம். 195/60க்கு ஐந்தரை முதல் ஏழு வரை பொருந்தும் என்பதால் கவலை இல்லை. அடுத்ததாக எடை எண். பழைய டயரில் 84 எச் என்று இருந்தது. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. புதியதில் 88, அதாவது 560 கிலோ. இந்த எண் ஏறலாம், ஒருபோதும் இறங்கக்கூடாது என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என் யோசனையையே திருப்பிப் போட்டது. மழையில் வழுக்கியதற்கு மருந்து அகலம் இல்லை. பள்ளத்தின் ஆழம் ஒரே அளவாக இருந்தால், தேங்கிய தண்ணீரின் மேல் அகலமான டயர்தான் முதலில் மிதக்கும். வால்பாறையில் என்னைக் கைவிட்டது தேய்ந்த பட்டனும், ஆறு வருட வெயிலில் இறுகிப்போன ரப்பரும். அதனால் ரிம்முக்கு ஒதுக்க நினைத்த பணத்தையும் ரப்பரிலேயே போடச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நேரான பேச்சு! நான் மூன்று வாரமாக விட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே 195/60 ஆர்15, ஈரப்பிடிப்புக்குப் பெயர்பெற்ற மாடலாக நான்கு. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம், பல சமயம் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் இருப்பதைவிடப் பெரியது. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியை மட்டும் பார்க்காமல் வாங்காதீர்கள். 1824 என்றால் 2024-இன் பதினெட்டாவது வாரத்தில் செய்தது. நான்கையும் ஒவ்வொன்றாக உருட்டி, தேதியைப் படித்த பிறகே மாட்டச் சொன்னேன்.

மாட்டுவதற்கு முன் பட்டறையில் ஒரு சோதனை செய்திருந்தேன். பழைய முன் டயரிலும் அதற்கு நேர் கீழே சிமெண்ட் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, பையன்கள் இருவர் காரைத் தள்ள, டயர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கோடு மறுபடி தரைக்கு வந்த இடத்தில் இன்னொரு கோடு. டேப்பில் 180 சென்டிமீட்டர். புது டயரோடு திரும்பி வந்து அதையே செய்தபோது 186 சொச்சம். கணக்குப்படி நான்குதான் கூடியிருக்க வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது என்று சற்று நின்று யோசித்தேன். தேய்மானம்! ஆறு மில்லிமீட்டர் பட்டன் தேய்ந்தால் விட்டம் பன்னிரண்டு குறைகிறது, அதுவே இரண்டு சதவீதம். நான் பயந்து பயந்து கணக்குப் போட்ட மாற்றத்துக்குச் சமமான மாற்றம், அளவே மாறாமல், ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்துக் காட்டாதபடி ஸ்பீடோமீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும்படிதான் வருகின்றன. இப்போது முள்ளில் 100 இருக்கும்போது போனின் ஜிபிஎஸ் 98 காட்டுகிறது, முன்பு 95.

உரசல் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு பக்கமும் ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்து, பின்னால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வேகத்தடை ஏறி இறங்கினேன். பிறகு டார்ச் அடித்து வீல் ஆர்ச்சின் உள்பக்கம் பார்த்தேன். டயர் பட்டிருந்தால் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கில் தூசி துடைக்கப்பட்டு ஒரு பளபளப்பான கீற்று தெரியும். எங்கும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர்தானே கூடியிருக்கிறது. காரின் வயிறு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்ததில், எங்கள் தெருமுனை வேகத்தடையில் முன்பு கேட்ட உரசல் சத்தம் போய்விட்டது.

நிறுத்தும்போது ஸ்டீரிங் ஒரு பொட்டு கனக்கிறது. ஊருக்குள் மைலேஜ் சற்றுக் குறைந்திருக்கிறது. ஆனால் பழைய டயரில் டக்கென்று அடித்த சிறு பள்ளங்கள் இப்போது அமுங்கிப் போகின்றன. அம்மாவே, "ரோட்டைப் புதிதாகப் போட்டுவிட்டார்களா?" என்று கேட்டார்.

செப்டம்பரில் வால்பாறை போய் வந்தேன். முதல் 300 கிலோமீட்டர் புது ரப்பரைப் பதமாக ஓட்டிவிட்டு, காலையில் டயர் சூடேறுவதற்குள் நான்கிலும் காற்றழுத்தம் 32 வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அன்றும் மழை. அதே வளைவில் அதே வேகத்தில் திருப்பினேன். மூக்கு நான் சொன்ன பக்கம் திரும்பியது.

ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே கிடக்கிறது. அதை முன்னால் மாட்டினால் இரண்டு முன் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழன்று, நேரான சாலையிலும், அந்த வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். முன் டயர் பஞ்சரானால் பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போட வேண்டும். வீட்டில் வேறு யாராவது ஓட்டும்போது நடந்தால் தெரிய வேண்டுமே என்று, ஸ்டெப்னியின் ரிம்மில் வெள்ளைப் பெயிண்டால் "பின்னால் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.