மருமகளின் காது: மலைநாட்டுப் பயண நாட்குறிப்பு

பெப்ரவரி 7, வெள்ளி. கல்லடி, மட்டக்களப்பு

நாளை விடியப் புறப்பாடு. கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி, தொலைநோக்கி எல்லாம் பைக்குள் போய்விட்டன. முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தேன். ஓய்வு பெற்றபின் எனக்காக நான் கேட்டுக்கொண்ட முதல் பயணம் இது, பறவை பார்க்க. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பியின் மகளான என் மருமகளையும் அழைத்துப் போகிறேன். வீட்டில் இருந்தால் முடிவை நினைத்தே அவள் மெலிந்துவிடுவாள்.

மாலையில் வழிகாட்டி வந்தார். அக்கரைப்பற்றுக்காரர், வயது அறுபத்து நான்கு. அங்கே எல்லோரும் அழைப்பதுபோல நாங்களும் காக்கா (அண்ணன்) என்றே அழைக்கிறோம். வாய்க்கால் வெட்டி வயல் செய்தவர். வயலில் நின்றே பறவைகளைப் படித்தவர். எங்கள் சப்பாத்தையோ தொலைநோக்கியையோ அவர் பார்க்கவில்லை. இருவரையும் வாவிக்கரைக்குக் கூட்டிச் சென்று, "கண்ணை மூடுங்கள். ஐந்து நிமிடம். கேட்பதையெல்லாம் விரலில் எண்ணுங்கள்" என்றார்.

எனக்கு நான்கு கிடைத்தன: காகம், செண்பகம், மீன்கொத்தி, கல்லடிப் பாலத்தின் வாகன இரைச்சல். மருமகளுக்கு ஒன்பது. சரியாக ஆறு மணியளவில் பக்கத்து வளவிலிருந்து இரட்டை விசில் ஒன்று வந்தது. அது இருவருக்குமே கேட்டது. ஆறுமணிக்குருவி. இந்தியாவில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் வளவுகளுக்கு வருகிற பறவை.

இரவு நெடுநேரம் அப்பாவின் நினைவாகவே இருந்தது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். முழுநிலவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறு நுனியை என் காதோடு அணைத்துப் பிடிப்பார். வாவிக்குள் பாடுவதாக ஊரார் சொல்லும் மீனைக் கண்ணால் கண்டவர் யாரென்று கேட்டேன். "அதைக் காணப் போவதில்லை மகள், கேட்கத்தான் போவது" என்றார்.

பெப்ரவரி 8, சனி. இங்கினியாகலை

அம்பாறையைத் தாண்டியதும் வயல்வெளி விலகிக் குன்றுகள் எழுந்தன. சேனநாயக்க சமுத்திரம். கல்லோயாத் திட்டத்தின் இந்தப் பெருங்குளத்துக்கு நீர் தரும் காடு அழிந்தால் குளமும் தூர்ந்துவிடும் என்பதற்காகவே 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா உருவானது. காக்காவின் வயலுக்குப் பாய்ந்ததும் இந்தத் தண்ணீர்தான். அதனால் அவர் இந்தக் காட்டைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு கடன்பட்ட தன்மை இருக்கிறது.

இங்கே ஜீப்பைவிடப் படகுதான் பொருத்தம். நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டது. கரையில் மூன்று யானைகள். இவை தீவுக்குத் தீவு நீந்திக் கடக்கும். இன்று புல்லை விட்டு அசையவில்லை.

படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதியில் மருமகள் கையை உயர்த்தி, "காக்கா, அந்தத் தீவில் மிக மெல்லிய ஒரு சத்தம், ஊசி போல. மூன்று முறை கேட்டது" என்றாள். காக்கா தீவைப் பார்க்கவில்லை. அவளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் எதுவும் கேட்கவில்லை.

பிற்பகல் நில்கல பக்கம். இடுப்பளவு புல், அதில் தள்ளித் தள்ளி மரங்கள். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வைத்தியர் வீட்டுத் திரிபலாச் சூரணத்தை அறிந்தவள் நான். அதன் மூன்று மரங்களையும் ஒரே இடத்தில் தொட்டது இன்றுதான். வறட்சியில் புல் எரியும்போது இந்த மரங்கள் தடித்த பட்டையால் தப்பிவிடுகின்றன, மற்றவை கருகிப்போகின்றன. அதனால்தான் இது அடர்காடாகாமல் புல்வெளியாகவே நீடிக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் வண்ணக் கௌதாரி புல்லுக்குள் இருந்து கரகரத்த குரலில் கூப்பிட்டது. அதை மூவரும் கேட்டோம். உருவம் கடைசிவரை வெளியே வரவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு. பட்டிப்பொல

நாள் முழுவதும் வேன். பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை. வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. மருமகள் காது அடைக்கிறது என்றாள். எச்சிலை விழுங்கச் சொன்னேன்.

காக்காவும் தன் காதைப் பற்றிச் சொன்னார். வேனை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சாலையோரப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே சொன்னார். இரண்டு வருடமாக மெல்லிய, உயர்ந்த குரல்கள் அவருக்குக் கேட்பதில்லை. மருத்துவர் பரிசோதித்து வயதின் விளைவு என்று சொல்லிவிட்டார். "ஈபிடிப்பானின் வாய் அசைவதைப் பார்க்கிறேன் டீச்சர். சத்தம் வருவதில்லை."

அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். உட்காதில் நத்தைச் சுருள் போன்ற ஒரு குழல் இருக்கிறது. அதன் வாசலருகே உள்ள நுண்மயிர்க் கலங்கள் உயர்ந்த சுருதிக்கு உரியவை, உள்ளே ஆழத்தில் இருப்பவை தாழ்ந்த சுருதிக்கு. வாசலில் இருப்பவைதான் முதலில் தேய்கின்றன. தேய்ந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. எத்தனை வகுப்புகளுக்குக் கரும்பலகையில் இந்தப் படத்தை வரைந்திருப்பேன்! இழந்த ஒருவரின் முன்னால் நின்று சொன்னபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. என் காதும் அதே வாசலில் தேய்ந்துகொண்டிருப்பதை நேற்றுப் படகில் அறிந்துவிட்டேன்.

அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "நாளைக்கு மகள் எனக்குப் பக்கத்தில் நிற்கட்டும்."

பெப்ரவரி 10, திங்கள். ஹோர்ட்டன் சமவெளி

நாலரைக்கு எழுந்தோம். வேனின் கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. பட்டிப்பொல பக்கமிருந்து ஏறும் வீதியோரத்தில் ஒரு சிறிய நீர்த்தேக்கம் உண்டு. பறவை பார்ப்பவர்கள் அதை அரெங்கா குளம் என்கிறார்கள். இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவிக்கு முன்னர் விலங்கியலாளர் வைத்திருந்த பேரினப் பெயர் அரெங்கா. குளத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. தமிழில் இந்தப் பறவைக்கு எங்கள் ஊரில் பெயர் இல்லை. சீழ்க்கைப் பூங்குருவி என்பது நான் என் குறிப்பேட்டுக்காக வைத்துக்கொண்டது. 1872இல்தான் விஞ்ஞானம் இதை விவரித்தது. மலைக்காட்டின் நீரோடைகளை விட்டு வேறெங்கும் வாழாது. ஓடைக்காடு குறையக் குறைய இதுவும் குறைந்து, இன்று அழிவின் ஆபத்தில் இருக்கிறது. விடியும் முன்னும் இருட்டும் வேளையிலும்தான் வெளிப்படும்.

எங்களுக்கு முன்பே அங்கே இன்னொரு குழு நின்றது. அவர்களின் வழிகாட்டி கைபேசியில் அந்தப் பறவையின் குரலை ஒலிபெருக்கி மூலம் திரும்பத் திரும்ப ஓட விட்டுக்கொண்டிருந்தார். என் மனம் கொதித்தது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பி அது இரையை விட்டு, கூட்டை விட்டு ஓடிவரும். எண்ணிக்கையில் அருகிய ஒரு பறவையை, ஒரு படத்துக்காக ஒவ்வொரு காலையும் ஏமாற்றுவது கொடுமை. காக்கா போய் அவர் தோளில் கைவைத்துச் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஒலி நின்றது. சிறிது நேரத்தில் அவர்கள் வாகனமும் போய்விட்டது.

பிறகு நாங்கள் நின்றோம். கை விறைத்தது. குட்டை மூங்கிலின் மேல் வெளிச்சம் சாம்பலாக ஊறத் தொடங்கியது. காக்காவுக்கும் மருமகளுக்கும் இடையே நேற்றிரவே ஓர் ஏற்பாடு: கேட்டால் பேசக் கூடாது, திசையை மட்டும் கையால் காட்ட வேண்டும்.

இருபது நிமிடம் இருக்கும். அவள் கை மெல்ல எழுந்தது. நீருக்கு இடப்பக்கம், சற்றே கீழே. நான் மூச்சை அடக்கிக் கேட்டேன். ஓடையின் சலசலப்பு மட்டும்தான். அவள் கழுத்து கொஞ்சம் திரும்பியது; கையும் கூடவே நகர்ந்தது. எங்களுக்கு இல்லாத ஏதோ ஒன்று அந்தப் புதருக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தது. காக்கா அந்தக் கை காட்டிய பக்கத்தைக் கண்ணால் துழாவவே இல்லை. அத்தனை புதரையும் விட்டுவிட்டு, பாசி படர்ந்த ஒரே ஒரு பாறைக்கு நேராகத் தொலைநோக்கியைத் தூக்கினார். வெளியே வந்தால் அது எங்கே காலூன்றும் என்பது அவருக்குத் தெரியும். நானும் அதே பாறையைப் பார்த்தேன்.

வந்தது. கருநீல உடல், தோளில் மட்டும் ஒளிர்கிற நீலத் திட்டு. ஆண். பாறையில் நின்று வாலை ஒருமுறை விரித்து மூடியது. அலகு திறந்தது. மருமகளின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. எனக்கு அலகு திறந்தது மட்டும் தெரிந்தது. பத்து விநாடிகூட இருக்காது. மறுபடி மூங்கிலுக்குள் மறைந்தது.

காக்கா அவளிடம், "எப்படி இருந்தது, சொல்லுங்கள் மகள்" என்றார். அவள் யோசித்து, "கிணற்றுக் கப்பி எண்ணெய் இல்லாமல் ஒரு தடவை சுழன்ற மாதிரி. ஆனால் அது அழகாக இருந்தால் எப்படியோ, அப்படி" என்றாள். அவர் கண்ணை மூடித் தலையசைத்தார். நினைவிலிருந்து அதை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஆறு மணிக்குப் பிறகு நுழைவாயில். பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளையும் போத்தல்களின் மேலுறையையும் அகற்றிவிட்டே உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொரு காட்டின் வாயிலிலும் இது வேண்டும். ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் கட்டி வந்திருந்ததால் எங்களுக்குத் தாமதமில்லை.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். புல்நுனிகளில் உறைபனி வெள்ளையாகக் கிடந்து, வெயில் பட்டதும் நீராகியது. சிங்களவர் இதை மகா எலிய, பெருவெளி, என்கிறார்கள். ஆங்கிலேயர் தங்கள் ஆளுநர் ஹோர்ட்டனின் பெயரை இட்டார்கள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தப் பகுதியில்தான் தலையூற்று. 1988இல் தேசியப் பூங்கா; 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமை. ஒரு காலத்தில் இங்கே யானை இருந்தது. வேட்டைத் துப்பாக்கிக்குப் பிறகு இல்லை. இப்போது பெரிய விலங்கென்றால் மரைதான். வாகனத் தரிப்பிடத்தில் மனிதரிடம் தின்பண்டம் கேட்டு நிற்கும் மரையைப் பார்ப்பது மனதுக்கு வேதனை.

மஞ்சள் காதுச் சின்னான், மங்கல் நீல ஈபிடிப்பான், மரக்கிளையில் அசையாமல் இருந்த இலங்கைக் காட்டுப்புறா. ஈபிடிப்பான் கையெட்டும் தூரத்தில் பாடியதை எனக்காக மருமகள் விரலால் தாளமிட்டுக் காட்டினாள். மூக்கில் வெள்ளைக் கொம்புள்ள ஓணானையும் கண்டுபிடித்தவள் அவளே. பாதையோரத்தில் மரங்கள் கூட்டமாக நின்றபடியே பட்டுப்போயிருக்கின்றன. பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சாவு இது.

உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்புக்கு ஒன்பது மணிக்கு முன் போய்விட்டோம். கால் நுனியிலிருந்து பள்ளம் எண்ணூறு மீற்றருக்கு மேல். கீழே தேயிலைத் தோட்டமும் வயலும் குளமும். பத்து நிமிடத்தில் மூடுபனி ஏறி அனைத்தையும் விழுங்கியது.

பெப்ரவரி 11, செவ்வாய். நுவரெலியா

காலையில் விக்டோரியா பூங்கா. நகரின் நடுவில், பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், இமயத்துப் பறவைகள் குளிர்காலம் கழிக்கின்றன. காஷ்மீர் ஈபிடிப்பான் வடமேற்கு இமயப் பகுதியில் மட்டும் கூடு கட்டி, அங்கிருந்து இங்கே வருவது. அதன் செம்மஞ்சள் மார்பை இன்று பத்தடி தூரத்தில் பார்த்தேன்.

சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், தோட்டத்துத் தமிழர், எங்கள் தொலைநோக்கிகளைப் பார்த்து விளக்குமாற்றால் ஒரு மூலையைக் காட்டினார். "அந்தப் பக்கம் நான் கூட்டுவதில்லை அம்மா. சருகைப் புரட்டித்தான் அதுகள் சாப்பிடும். சித்திரை வரைக்கும் அப்படியே விட்டுவிடுவேன்." யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையாம். எத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது! அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது; பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சருகில் ஆறுமணிக்குருவி இலையைப் புரட்டிப் புரட்டி மேய்ந்துகொண்டிருந்தது. ஊரில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை. அடிவயிறு அத்தனை சிவப்பென்று இன்றுதான் தெரியும்.

பெப்ரவரி 12, புதன், போயா (முழுநிலா விடுமுறை). பதுளை வீதி

பிபிலையிலிருந்து பதுளை வீதியிலேயே நேராக இறங்கினோம். மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளில் போயா நாள் கூட்டம். கால் நனைக்கவும் இடமில்லை. கரடியனாற்றைத் தாண்டும்போது சட்டி கட்டித் தொங்கவிட்ட தயிர்க் கடையில் நிறுத்தினோம்.

காக்கா தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மருமகளிடம் நேராகவே பேசினார். மார்ச்சில் இரண்டு குழுக்கள் வருகின்றன, ஒன்று நில்கலவுக்கு, ஒன்று குமணைக்கு. அவருக்குக் காது வேண்டும். பெயர்களையும் இடங்களையும் அவர் சொல்லிக்கொடுப்பார். கேட்பதை அவள் சொல்ல வேண்டும். தன் சம்பளத்தில் பாதி அவளுக்கு. பல்கலைக்கழகம் கிடைத்தால் போகலாம், விடுமுறையில் வரலாம். தன் மகளும் குழுக்களுக்குச் சமைக்கக் கூடவே வருவாள், ஆகவே வீட்டார் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். "மாமி, அப்பாவிடம் நீங்கள் பேசுகிறீர்களா?" உன் வாயால் நீயே கேள் என்றேன்.

தயிர்க் கடை வாசலிலேயே நின்று அழைத்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். பூங்குருவியைச் சொல்லும்போது கை தானாக எழுந்து இடப்பக்கம் காட்டியது. மறுமுனையில் தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்டானாம்: மார்ச்சில் வேன் எத்தனை மணிக்குக் கல்லடிக்கு வரும்?