தாலிடோமைடு: ஒரு சீட்டுக்கு 28 நாள்தான்

மல்டிபிள் மயலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கும், தொழுநோயில் சிலருக்கு வரும் ஈ.என்.எல். எதிர்வினைக்கும் (காய்ச்சலோடு தோலில் சிவந்த, வலிக்கும் முடிச்சுகள்) எழுதப்படும் தாலிடோமைடு கேப்சூலை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் நாங்கள். முதல் நாள் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் கேட்பது இதுதான்: "மூணு மாசத்துக்குச் சேர்த்துக் குடுத்துடுங்க, பஸ் செலவாவது மிச்சமாகும்." கொடுக்க முடியாது. ஒரு சீட்டுக்கு 28 நாள். அடுத்த 28 நாளுக்குப் புதுச் சீட்டு, கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணாக இருந்தால் அதற்கு முன் புதுக் கர்ப்பப் பரிசோதனை. அலைச்சல்தான். ஆனால் காரணத்தைச் சொன்ன பிறகு யாரும் எங்களிடம் சண்டை போட்டதில்லை.

1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது இது. மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெற்றார்கள். இந்த மருந்தால் உலகமெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமலும், காது, கண், இதயக் குறைகளோடும் பிறந்துவிட்டார்கள். 1964இல் ஜெருசலேமில் டாக்டர் ஜேக்கப் ஷெஸ்கின், வலியில் தூங்க முடியாமல் தவித்த தொழுநோயாளிக்குத் தூக்கம் வரட்டும் என்று இதைக் கொடுத்தார். ஓரிரு நாளில் முடிச்சுகளும் வலியும் அடங்கின. அமெரிக்காவில் 1998இல் ஈ.என்.எல்.லுக்கும், 2006இல் மயலோமாவுக்கும் அனுமதி கிடைத்தது. மருந்து மாறவில்லை. 1961இல் கெடுத்த அதே மூலக்கூறுதான் இன்று உங்கள் கையில் இருப்பதும். கருத்தரித்த சுமார் 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரை ஆபத்து உச்சத்தில் இருக்கும். கர்ப்பம் என்று பல பெண்கள் அறியும் முன்பே அந்த நாட்கள் தொடங்கிவிடும். ஒரே ஒரு 50 மில்லிகிராம் கேப்சூல் போதும். அதனால்தான் 'சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு நாள் கணக்கு இப்படி. மருந்து தொடங்குவதற்கு 4 வாரம் முன்பே இரண்டு கருத்தடை முறைகள் ஒன்றாக நடக்க வேண்டும். மருந்து சாப்பிடும் காலம் முழுக்க, நிறுத்திய பிறகும் 4 வாரம். மாதம் 20ஆம் தேதி தொடங்குவதாக இருந்தால், முதல் கர்ப்பப் பரிசோதனை 6க்கும் 10க்கும் இடையில். இரண்டாவது, சீட்டு எழுதுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள். தொடங்கிய முதல் மாதம் வாராவாரம் பரிசோதனை. பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வருபவருக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாதவருக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை. நாள் தள்ளிப்போனால் அன்றைய கேப்சூலைச் சாப்பிடாமல் நேரே வந்துவிட வேண்டும்.

இங்கே தொழுநோய்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கண்ணி உண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சையில் (எம்.டி.டி.) மாதம் ஒருமுறை விழுங்கும் ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கக்கூடியது. அந்த மாத்திரையிலேயே ஈஸ்ட்ரோஜன் இருந்தால் இரத்தம் உறையும் அபாயமும் கூடும். தாலிடோமைடும் அதே பக்கம்தான் தள்ளும். காப்பர்-டி வைக்கலாம், ஆனால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று வரலாம் என்பதால் இரத்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டே வைப்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்பார்கள். அது ஒரு முறை. கணவர் ஆணுறை போடுவது இரண்டாவது முறை.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும், இயற்கையாக மாதவிலக்கு நின்று தொடர்ந்து 24 மாதம் ஆனவர்களுக்கும் இந்தக் கருத்தடையும் பரிசோதனையும் தேவையில்லை. கீமோவால் நின்றுபோனது அந்தக் கணக்கில் சேராது, திரும்பி வரக்கூடும். ஆண்களுக்கு: மருந்து விந்துவிலும் இருக்கும். வாசெக்டமி செய்திருந்தாலும் ஆணுறை. நிறுத்திய பிறகு 4 வாரம் வரை அப்படியே. ஆணோ பெண்ணோ, அதுவரை இரத்ததானமும் கூடாது.

எங்களுக்கு மிகவும் பயம் தருவது நோயாளியை விட, வீட்டில் கிடக்கும் மருந்து அட்டைதான். பிரேசிலில் தொழுநோய்க்குக் கொடுத்த கேப்சூலை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பகிர்ந்துகொண்டதால், உலகம் பாடம் கற்றுவிட்டதாக நினைத்த பிறகும் குறையுள்ள குழந்தைகள் பிறந்தன. பெட்டியில் கர்ப்பிணிப் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்ததை, 'கரு தங்காமல் இருக்கும் மாத்திரை' என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு. நம் வீடுகளில் மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள் அப்பாவின் மருந்து டப்பாவை அடுக்கி வைப்பாள். இந்த ஒரு மருந்தை மட்டும் அவர்கள் தொடக்கூடாது. தனி டப்பா, பூட்டு, சாவி நோயாளியிடம். கேப்சூலைப் பிரிக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைந்து பொடி தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீந்ததை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

சாப்பிடும் முறை எளிது. இரவு உணவுக்கு ஒரு மணி நேரமாவது கழித்து, படுக்கப் போகும்போது, தண்ணீரோடு முழுசாக. பகலில் சாப்பிட்டால் தூக்கம் அசத்திவிடும். ஈ.என்.எல்.லுக்கு வழக்கமான அளவு நாளுக்கு 100 முதல் 300 மில்லிகிராம். 50 கிலோவுக்குக் கீழே எடை என்றால் கீழ் அளவில் தொடங்குவார்கள். மயலோமாவுக்கு 200 என்று குறிப்பில் இருந்தாலும் 50 அல்லது 100இல் தொடரும் டாக்டர்கள் பலர். ஒரு வேளை விட்டுப்போய் 12 மணி நேரம் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த நாள் இரட்டிப்பாக வேண்டாம். நடு இரவில் பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழாமல் இருக்க, கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். மயலோமாவில் எலும்பு ஏற்கெனவே பலவீனம், விழுந்தால் முறியும்.

மலச்சிக்கல் பலருக்கும் வரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் பாதித்தவர்கள் தண்ணீர் அளவையும் கேட்க வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கும்போது, அதுவும் முதல் சில மாதங்களில், இரத்தம் உறையும் அபாயம் அதிகம். அதற்காகவே ஆஸ்பிரினோ ஹெப்பாரின் ஊசியோ கூடவே எழுதுவார்கள். "ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்லையே" என்று ஆஸ்பிரினை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது இதயத்துக்காக எழுதியதல்ல. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நரம்புக் கோளாறுதான் தொழுநோயில் மிகச் சிக்கலானது. பாதம் மரத்துப்போவது நோயாலா, மருந்தாலா? பழைய பதிவு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் கேப்சூலுக்கு முன்பே கை, பாதங்களில் நைலான் இழையால் உணர்வைச் சோதித்துப் படம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், வரும்போதெல்லாம் ஒப்பிடச் சொல்லுங்கள். மயலோமாவில் போர்டெசோமிப் ஊசியும் அதே நரம்பைத்தான் தாக்கும். புதிதாக விரல்நுனி குறுகுறுத்தாலும் எரிந்தாலும் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டால் அந்த உணர்வு திரும்பாமலே போகலாம்.

நரம்பு வீங்கி வலிக்கும் ஈ.என்.எல்.லுக்குத் தாலிடோமைடு மட்டும் போதாது, ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் வேண்டும். முடிச்சு மறைந்துவிட்டது என்று அதை நீங்களே நிறுத்தாதீர்கள். எம்.டி.டி.யையும் விடாதீர்கள்: தாலிடோமைடு எதிர்வினையை அடக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. தாலிடோமைடைக் குறைப்பதும் படிப்படியாகத்தான். வழக்கமாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம்.

கடைசிக் கேப்சூல் விழுங்கிய தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு, அதிலிருந்து 28 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். இரண்டாவது வட்டம் வரை கருத்தடை தொடர வேண்டும்.